பரணில் கிடைத்த கருவிப் பெட்டி: புளி போட்டுத் தேய்க்கும் முன்

கேள்வி: கும்பகோணத்தில் எங்கள் பூர்வீக வீட்டைப் பிரித்துக்கொண்டிருக்கிறோம். பரணில் தட்டையான மரப்பெட்டி ஒன்று கிடைத்தது. உள்ளே நீல வெல்வெட்டில் பதித்து வைத்த பித்தளைக் கவராயங்கள், கத்தரிக்கோல் மாதிரி ஒன்று, மடங்குகிற வெள்ளை ஸ்கேல், இரட்டைக் கறுப்பு ரூல்தடி, ஒரு வெள்ளைத் தகடு, இன்னும் சில. மாட்டுக்கொட்டகையில் ஓர் இரும்புச் சங்கிலியும் கிடக்கிறது. கொள்ளுத்தாத்தா பொதுப்பணித் துறையில் ஓவர்சியர், கல்லணைக் கால்வாய் வெட்டிய காலத்தில் வேலை பார்த்தவர். இதெல்லாம் என்ன? எந்தக் காலத்தது? எப்படிச் சுத்தம் செய்வது? விற்றால் என்ன போகும்?

பதில்:

நாலு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். மூன்றாவதுக்குத்தான் அவசரம், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். எதையும் தேய்க்காதீர்கள். நம் ஊரில் கறுத்த பித்தளையைப் பார்த்தால் கை தன்னால் புளிப் பானைக்குப் போகும். குத்துவிளக்குக்கும் குடத்துக்கும் அது சரி, கருவிக்கு ஆகாது. இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. பாசனப் பிரிவில் டிராஃப்ட்ஸ்மேனாகச் சேர்ந்த புதிதில், பழைய இரும்புக்கடையில் எடைக்கு ஒரு கவராயம் வாங்கினேன். வீட்டுக்கு வந்த கையோடு புளியும் சாம்பலும் போட்டுத் துலக்கினேன். தங்கம் மாதிரி ஆனது. காய்ந்த பிறகு பார்த்தால் காலில் வெட்டியிருந்த எழுத்தில் பாதியைக் காணோம். 'லண்டன்' மட்டும் மிச்சம், செய்தவன் பெயர் புளித்தண்ணீரோடு சாக்கடைக்குப் போய்விட்டது. மூட்டுக்குள் இறங்கிய புளிப்பு அடுத்த ஐப்பசி மழைக்குள் பச்சைக் களிம்பாக வெளியே வந்தது. என் மனைவி மட்டும் "இப்பத்தான் பாக்க லட்சணமா இருக்கு" என்றாள்.

அந்தக் காலத்து இங்கிலீஷ் கருவிகளில் பித்தளையை வெறுமனே விடமாட்டார்கள். அரக்கைச் சாராயத்தில் கரைத்து மெல்லிய பூச்சாகக் கொடுத்திருப்பார்கள். தேன் நிறத்தில் மங்கலாக மினுக்கும் அந்தப் பூச்சுதான் கருவியின் தோல். அதை உரித்துவிட்டால் திரும்பப் பூசலாம், ஆனால் பழையதைப் பார்த்துப் பழகிய கண் உடனே கண்டுபிடித்துவிடும். பூச்சு போனால் விலையும் போச்சு. விலையைக்கூட விடுங்கள், தேய்மானம்தான் அந்தப் பெட்டியில் உங்கள் கொள்ளுத்தாத்தா எழுதி வைத்துவிட்டுப் போன நாட்குறிப்பு. எப்படி என்று அப்புறம் சொல்கிறேன்.

இப்போது என்னென்ன இருக்கிறது என்று பார்ப்போம். உங்கள் வர்ணனையை வைத்துத்தான் சொல்கிறேன்.

மடங்குகிற வெள்ளை ஸ்கேல் என்று எழுதியிருப்பது பெரும்பாலும் செக்டர். இரண்டு தகடு, ஒரு முனையில் பித்தளைக் கீல். மடித்தால் ஆறு அங்குலம், முழுக்க விரித்தால் ஓர் அடி. இரண்டு தகட்டிலும் கீலின் மையத்திலிருந்து விசிறி போலக் கோடுகள் கிளம்பி ஓடும், ஓரத்தில் எல், சி, எஸ், டி என்று ஆங்கில எழுத்துகள் வெட்டியிருக்கும். பார்த்தால் பயமாக இருக்கும். பெட்டியிலேயே என் மனசுக்குப் பிடித்தது இதுதான், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

ஒரு கோடு இருக்கிறது, அதை ஏழு சம பாகமாக்க வேண்டும். நீளம் எத்தனை அங்குலம் என்று அளக்கவே வேண்டாம். எல் என்று போட்ட கோடு ஒவ்வொரு தகட்டிலும் ஒன்று இருக்கும், 1 முதல் 10 வரை எண் போட்டிருக்கும். டிவைடரில் உங்கள் கோட்டின் நீளத்தை எடுத்து, ஒரு முனை இந்தத் தகட்டின் 7-லும் மறுமுனை அந்தத் தகட்டின் 7-லும் உட்காருமாறு செக்டரை விரியுங்கள். விரிவு மாறாமல் அப்படியே வைத்துக்கொண்டு, இரண்டு 1-க்கும் நடுவிலுள்ள தூரத்தை டிவைடரில் எடுங்கள். ஏழில் ஒரு பங்கு கையில் வந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் படித்த வடிவொத்த முக்கோணம்தான், வேறு மாயம் இல்லை. இதே விரித்தலில் வட்டத்தின் நாண், சைன், டேன்ஜென்ட், வட்டத்துக்குள் அடங்கும் பலகோணத்தின் பக்கம் என்று ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு வேலை.

கலிலியோ பதுவாவில் வாத்தியாராக இருந்தபோது 1597 வாக்கில் இப்படி ஒன்றைச் செய்வித்து விற்றார், எப்படிப் பயன்படுத்துவது என்று பாடம் எடுத்தும் சம்பாதித்தார். 1606-ல் கையேடு ஒன்றும் அச்சிட்டார். இங்கிலாந்தில் தாமஸ் ஹூட் 1598-ல் இதைப் பற்றி எழுதினார். அதன்பின் முந்நூறு வருஷம் ஓடியது. உண்மையைச் சொன்னால் கடைசி ஐம்பது வருஷம் வெறும் மரியாதைக்காக ஓடியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் செக்டரை எடுத்துக் கணக்குப் போட்டவர்கள் குறைவு, ஆனாலும் பெட்டியில் அது இல்லாவிட்டால் வாங்குபவர் முகம் சுளிப்பார். கல்யாணச் சீரில் யாரும் அரைக்காத அம்மி இருப்பது மாதிரி.

இதைப் புரிந்துகொள்ள எனக்கு உதவியது புத்தகம் இல்லை, சுவாமிமலை. அங்கே சிலை வார்க்கும் ஸ்தபதி வேலையைத் தொடங்கும்போது ஸ்கேலை எடுக்கமாட்டார். சிலை எவ்வளவு உயரமோ அவ்வளவு நீளத்துக்குத் தென்னை ஓலையை நறுக்கிக்கொள்வார். ஒடியோலை என்பார்கள். அதைக் கணக்காக மடித்து மடித்து முகம் இவ்வளவு, கழுத்து இவ்வளவு, முழங்கால் இவ்வளவு என்று மடிப்புகளை வைத்தே மெழுகில் குறிப்பார். நவதாளம் என்ற சிலை அளவு முறைக்கு மொத்த உயரம் 108 பங்கு, உத்தம தசதாளம் என்ற முறைக்கு 124. பங்கு ஒன்று எத்தனை மில்லிமீட்டர் என்ற கேள்வியே எழாது. சிலை ஒரு சாண் என்றாலும் ஓர் ஆள் உயரம் என்றாலும் மடிப்பு அதே மடிப்பு. செக்டர் செய்வதும் அதேதான். அளவைச் சொல்லாது, விகிதத்தைப் பிடித்து வைத்திருக்கும். ஒன்று தந்தத்தில், ஒன்று ஓலையில். ஓலை வேலை முடிந்ததும் குப்பைக்குப் போகிறது, அதனால் அதைச் சேகரிப்பவர் யாரும் இல்லை.

கத்தரிக்கோல் மாதிரி என்றது விகிதக் கவராயம். நடுவில் காடி வெட்டிய இரண்டு கால்கள், நான்கு கூர்முனைகள், காடியில் நகர்ந்து இறுகும் ஒரு திருகு. ஒரு பக்கம் 'லைன்ஸ்', மறுபக்கம் 'சர்க்கிள்ஸ்' என்று எண்கள் இருக்கும். லைன்ஸில் 4-ல் திருகை நிறுத்தினால், ஒரு முனை ஓர் அங்குலம் விரியும்போது மறுமுனை நாலு அங்குலம் விரியும். மைலுக்கு 16 அங்குலம் என்று வரைந்த கிராம வரைபடத்தை மைலுக்கு 4 அங்குலமாகச் சுருக்க வேண்டுமானால் இதுதான் ஆயுதம். ஜெராக்ஸ் இல்லாத காலத்து ஜெராக்ஸ் என்று சொல்லலாம், கை மட்டும் வலிக்கும்.

இரட்டைக் கறுப்பு ரூல்தடி இணைகோடு போடுவதற்கு. கருங்காலி மரம், நடுவே இரண்டு பித்தளைக் கைகள். கப்பல்காரர்கள் கடல் வரைபடத்தில் திசைக்கோட்டை நகர்த்த இதன் அண்ணனைப் பயன்படுத்துவார்கள்.

இரண்டு எஃகு அலகும் நடுவில் ஒரு குட்டித் திருகுமாக ஒன்று இருந்தால் அது ரூலிங் பென். என் காலம் வரைக்கும் இதில்தான் மை போட்டோம். மைக்குப்பியில் முக்கக் கூடாது. இறகாலோ குச்சியாலோ ஒரு சொட்டு எடுத்து இரண்டு அலகுக்கும் நடுவில் விட வேண்டும். திருகை இறுக்கினால் மெல்லிய கோடு, தளர்த்தினால் தடித்த கோடு. நாலைந்து கோட்டுக்கு ஒருமுறை துடைக்கவில்லை என்றால் மை காய்ந்து கோடு அறுந்து போகும். கஞ்சி போட்ட டிரேசிங் துணியில் அரை நாள் உழைத்து வரைந்த மதகுப் படத்தின் மேல் நெற்றி வியர்வை ஒரு சொட்டு விழுந்து, துணி அந்த இடத்தில் வெளுத்துச் சுருங்கிப்போனதை நான் பார்த்திருக்கிறேன். சித்திரை மாசத்தில் மின்விசிறியைப் போட்டால் துணி பறக்கும், நிறுத்தினால் வியர்வை சொட்டும். வேலைக்காரன் எந்தப் பக்கம் போவான்?

வெள்ளைத் தகட்டின் ஓரம் முழுக்கப் பாகைகள் இருந்தால் அது செவ்வகக் கோணமானி. பின்பக்கத்தைத் திருப்புங்கள். ஒரு மூலையில் சாய்கோடுகள் பின்னிய கட்டம் இருக்கும். மூலைவிட்ட அளவுகோல் என்பது அதுதான். அங்குலத்தில் நூறில் ஒரு பங்கை டிவைடரால் எடுக்கலாம். தச்சர் கணக்கில் எட்டு நூல் ஓர் அங்குலம், அப்படியானால் ஒரு நூலைப் பன்னிரண்டாகப் பிளந்த பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். பூதக்கண்ணாடி இல்லாமல் இவ்வளவு நுட்பத்தைக் கையில் கொடுத்த சாதனம் வேறு ஞாபகம் வரவில்லை.

சரி, மாட்டுக்கொட்டகைச் சங்கிலிக்கு வருவோம். பெட்டியை விட அதற்குத்தான் நம் ஊர் மண்ணோடு சம்பந்தம் அதிகம். தயவுசெய்து பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள்.

மூன்று வகைச் சங்கிலி நம் பக்கம் புழங்கியது. முதலாவது கன்டர் சங்கிலி. எட்மண்ட் கன்டர் என்ற ஆங்கிலேயர் 1620 வாக்கில் வகுத்தது, 66 அடி நீளம், 100 கண்ணி. சர்வேக்காரர்கள் லிங்க் என்பார்கள். ஒரு லிங்க் 7.92 அங்குலம். ஏன் இப்படி ஒரு விசித்திர எண்? பத்துச் சதுரச் சங்கிலி சேர்ந்தால் சரியாக ஓர் ஏக்கர் வரவேண்டும் என்பதற்காக. பின்னத்தில் மூழ்கிக் கிடந்த நில அளவைத் தசமத்துக்குள் இழுத்து வந்த கெட்டிக்காரத்தனம் அது. இன்றைக்கு ரியல் எஸ்டேட் போர்டில் "சென்ட் இவ்வளவு" என்று போடுகிறார்களே, அந்த சென்ட் ஏக்கரில் நூறில் ஒன்று, அதாவது மிகச் சரியாக ஆயிரம் சதுர லிங்க். சங்கிலி போய்விட்டது, அதன் கணக்கு மட்டும் மனைப் பத்திரத்தில் உட்கார்ந்திருக்கிறது.

இரண்டாவது இன்ஜினீயர் சங்கிலி, 100 அடி, கண்ணிக்கு ஓர் அடி. வருவாய்த் துறை நிலத்தைக் கன்டர் சங்கிலியால் அளந்தது. வாய்க்கால், கரை, மதகு என்று கட்டுமான வேலை பார்த்தவர்களுக்கு அடிக்கணக்குதான் வசதி. மூன்றாவது, மெட்ரிக் முறை வந்த பிறகு வந்த 20 மீட்டர் சங்கிலி, கண்ணிக்கு 20 சென்டிமீட்டர்.

உங்களுடையது எது? ஒரு கண்ணியை அதன் வளையங்களோடு சேர்த்து அளந்து பாருங்கள். ஓர் அடி வந்தால் இன்ஜினீயர் சங்கிலி, கொள்ளுத்தாத்தா வேலைக்கு அதுதான் பொருத்தம். 20 சென்டிமீட்டர் கிட்டத்தில் வந்தால் அவசரப்பட்டு முடிவு கட்டாதீர்கள். 7.92 அங்குலமும் 20 சென்டிமீட்டருக்கு மேல் ஒரு மில்லிமீட்டர் சொச்சம்தான். தேய்ந்த வளையத்தில் அந்த வித்தியாசம் தெரியாது. முழுச் சங்கிலியையும் சமதரையில் விரித்து இழுத்து அளக்க வேண்டும். கன்டர் என்றால் 20.12 மீட்டர் வரும், மெட்ரிக்கை விடப் பன்னிரண்டு சென்டிமீட்டர் அதிகம். இன்னொரு அடையாளம், தொங்கும் பித்தளை வில்லைகள். கன்டரில் பத்து லிங்குக்கு ஒரு வில்லை, ஒரு பல், இரண்டு பல், மூன்று, நான்கு என்று ஏறி, நடுவில் வட்ட வில்லை, மறுபடி நான்கிலிருந்து இறங்கும். மெட்ரிக்கில் வில்லை ஐந்து மீட்டருக்கு ஒன்று, இடையில் மீட்டருக்கு ஒரு சின்னப் பித்தளை வளையம்.

அந்தப் பல் வில்லையில் ஒரு கண்ணி உண்டு, சங்கிலிக் கண்ணியைச் சொல்லவில்லை, கால் மாட்டும் கண்ணியைச் சொல்கிறேன். சங்கிலி இரண்டு பக்கமிருந்தும் ஒரே மாதிரி இருப்பதால் நாற்பதும் அறுபதும் அதே நான்கு பல். எந்த முனையிலிருந்து வந்தோம் என்பதை மறந்தால் நாற்பது அறுபதாகிவிடும். வரப்புச் சண்டையாக வந்த சில பழைய கேஸ்களின் வேர் இந்த நான்கு பல்லில் இருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

அதைவிடப் பெரிய வம்பு தேய்மானம். கண்ணிக்குக் கண்ணி வளையங்கள் உரசிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு உரசலிலும் மயிரிழை தேய்ந்தாலும் நூறு கண்ணிக்கும் சேர்த்துச் சங்கிலி நீண்டுவிடும். நீண்ட சங்கிலி நிலத்தைக் குறைத்துக் காட்டும் என்பதுதான் வேடிக்கை. நூறு லிங்கில் ஒரு லிங்க் நீண்டிருந்தால், நிஜத்தில் 100 சென்ட் உள்ள நிலம் 98 சென்ட் என்று கணக்கில் ஏறும். வரி கட்டுகிறவனுக்கு லாபம், விற்கிறவனுக்கு நஷ்டம். சகதியில் இழுத்து, துரு ஏறி, வளைந்து போனால் எதிர்த்திசையில் சுருங்கும். அதனால்தான் சங்கிலியை அவ்வப்போது சரிபார்க்க வேண்டும் என்று விதி இருந்தது. எத்தனை பேர் பார்த்தார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள்.

இந்த இடத்தில் நம் சொந்தக் கணக்கையும் சொல்லியாக வேண்டும். பன்னிரண்டு அடிக் கோலால் அளந்த சதுரம் ஒரு குழி, 144 சதுர அடி. நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி. இன்றைக்கும் நீடாமங்கலம், மன்னார்குடிப் பக்கம் "எத்தனை மா நட்டிருக்கே" என்றுதான் கேட்கிறார்கள். மூன்று மா ஓர் ஏக்கர் என்பது வாய்க்கணக்கு. உண்மையில் மூன்று மா 43,200 சதுர அடி, ஏக்கர் 43,560. வித்தியாசம் இரண்டரைக் குழி. ஒரு வேலிக்கு இது ஐந்தரை சென்ட் ஆகிவிடும். அந்த ஐந்தரை சென்ட் யார் பையில் போகும் என்பதற்குச் சங்கிலியில் விடை கிடையாது. இதற்கெல்லாம் முன்னால் ராஜராஜன் காலத்திலேயே பதினாறு சாண் கோல் போட்டு அளந்து, வேலியைக் காணி, முந்திரி, கீழ் முந்திரி என்று பிளந்து கல்லில் வெட்டியிருக்கிறார்கள். முந்திரி என்றால் 320-ல் ஒன்று. கீழ் முந்திரி அதிலும் 320-ல் ஒன்று. பெரிய கோயில் கல்வெட்டில் இந்தக் கீழ்க்கணக்கைப் படித்தபோது, டெசிமல் பாயின்ட்டுக்குப் பிறகு மூன்று இலக்கம் எழுதச் சோம்பல்பட்ட என் பழைய நோட்டுகள் ஞாபகம் வந்தன.

பெரிய கோயில் என்றதும் ஒரு கிளைக்கதை. நீங்கள் கேட்டது கையடக்கக் கருவி. 1808-ல் நில அளவை அதிகாரி வில்லியம் லாம்டன் தஞ்சாவூருக்குக் கொண்டுவந்த தியோடலைட், அதாவது கோணம் அளக்கும் கருவி, அரை டன் எடை. லண்டனில் வில்லியம் கேரி செய்தது, 36 அங்குல வட்டம். வரும் வழியிலேயே கப்பலைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து மொரீஷியஸுக்குக் கொண்டுபோய், பிறகு பெருந்தன்மையாகச் சென்னைக்கு அனுப்பி வைத்தார்கள். டெல்டாவில் மலை கிடையாது, எங்கே பார்த்தாலும் தென்னை. தூரத்துப் புள்ளி தெரிய வேண்டுமானால் கோயில்தான் கதி. பெரிய கோயில் விமானத்தின் மேல் கயிறு கட்டி ஏற்றும்போது கயிறு அறுந்து கருவி கல்லில் மோதி, வட்டம் நெளிந்துவிட்டது. லாம்டன் கூடாரத்துக்குள் அடைந்துகொண்டு, ஆப்பும் திருகும் சுத்தியுமாக ஆறு வாரம் தட்டி நிமிர்த்தி மறுபடி வேலைக்கு எடுத்தார். அதைக்கொண்டு அவர் தொடர்ந்த அளவைதான் பின்னால் இமயம் வரை போனது. என் கவராயத்தைப் புளியில் குளிப்பாட்டிய அன்றைக்கு இந்தக் கதை தெரிந்திருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

நம் பக்கத்தில் அளவில் ஏன் இவ்வளவு பிடிவாதம் என்றால், சரிவு அவ்வளவு குறைவு. தஞ்சாவூர் கடல் மட்டத்துக்கு மேல் ஐம்பது சொச்சம் மீட்டர், அங்கிருந்து நாகப்பட்டினம் கடற்கரை எண்பது கிலோமீட்டருக்கு மேல். கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் சரிவுகூட இல்லாத தரையில் தண்ணீரைத் தள்ளாமல் ஓடவைக்க வேண்டும். மேட்டூர் அணையோடு 1934-ல் திறந்த கல்லணைக் கால்வாய், நாம் புது ஆறு என்பது, ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணி வரை போகிறது. மட்டத்தில் ஒரு சாண் பிசகினால் கடைமடைக்குத் தண்ணீர் எட்டாது. உங்கள் கொள்ளுத்தாத்தாவின் பெட்டி அந்த வேலைக்குப் போய்வந்த பெட்டி.

இப்போது காலம். ஒருவர் சர்வீஸில் இருந்த காலமும் பெட்டியின் காலமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. ஓவர்சியர்கள் புதுப்பெட்டி வாங்கியது குறைவு. ஓய்வு பெற்றவரிடமோ சென்னை மூர் மார்க்கெட்டிலோ பழையது வாங்குவார்கள்.

சில அடையாளங்கள் சொல்கிறேன். பெட்டி மரமாக இல்லாமல், நிற்கவைக்கும் குப்பி வடிவத்தில், சொரசொரப்பான பச்சை அல்லது கறுப்புத் தோல் போர்த்தியிருந்தால் பதினெட்டாம் நூற்றாண்டு. அந்தத் தோல் திருக்கை அல்லது சுறாத் தோல். நாகப்பட்டினத்து மீனவர் தொட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவார். உங்களுடையது தட்டையான மரப்பெட்டி, வெல்வெட் என்பதால் பத்தொன்பதாம் நூற்றாண்டு அல்லது அதற்குப் பின். கவராய நுனியைப் பாருங்கள். முப்பட்டையாகத் தடித்த எஃகு நுனி என்றால் பழசு, மாற்றக்கூடிய மெல்லிய ஊசி என்றால் அந்த நூற்றாண்டின் பிற்பகுதி. உலோகம் மஞ்சளாக இல்லாமல் வெள்ளியாக இருந்தால் அது ஜெர்மன் சில்வர், செம்பும் துத்தநாகமும் நிக்கலும் கலந்தது. வெள்ளி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கைப்பிடி தட்டையாக இல்லாமல் உருளையாக இருந்தால் 1877-ல் ஜெர்மனியில் ரீஃப்லர் கொண்டுவந்த பாணி, அல்லது அதன் நகல்.

பெயரைத் தேடுங்கள். கவராயத்தின் உள்காலில், செக்டரின் கீல் பக்கத்தில், பெட்டி மூடியின் உட்புறத்தில் இருக்கும். ஸ்டான்லி, ஹார்லிங் இரண்டும் 1850-களில் லண்டனில் தொடங்கிய பெயர்கள். எலியட் பிரதர்ஸ் அதற்கும் மூத்த வீடு, ஸ்ட்ராண்ட் தெருவிலேயே கதவு எண் மாற்றி மாற்றிக் கடை வைத்தவர்கள். அந்த எண் இருந்தால் காலத்தை நன்றாக நெருங்கிவிடலாம். மவுண்ட் ரோடு பி.ஆர். அண்ட் சன்ஸ் பெயர் இருந்தால் இங்கே விற்றவர் பெயர் என்று அர்த்தம், செய்த இடம் வேறாக இருக்கலாம். மேல்நோக்கிய அகலமான அம்புக்குறி பிரிட்டிஷ் அரசாங்கச் சொத்து. எம்.ஐ.ஓ. என்ற மூன்று எழுத்து இருந்தால் கல்கத்தாவின் கணிதக் கருவி அலுவலகம். அந்த அலுவலகத்தின் ஆரம்ப காலத்தில் கருவிகளைச் செப்பனிட்டு, பின்னால் அதன் தலைமைக் கருவியாளராகவே உயர்ந்தவர் ஆற்காட்டுக்காரர், சையது மீர் மொஹ்சின் ஹுசைன். சென்னையில் நகை வேலையில் இருந்தவரைச் சர்வே துறை எடுத்துக்கொண்டது. சர்வே துறைத் தலைவராக இருந்த ஜார்ஜ் எவரெஸ்ட் அவரை மிகவும் நம்பினார். எவரெஸ்ட் பெயரில் மலை இருக்கிறது. இவர் பெயரில் ஆற்காட்டில் ஒரு தெருவாவது வைத்திருக்கலாம்.

அப்புறம் அந்த நாட்குறிப்பு. செக்டர் தகட்டைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். டிவைடர் நுனி குத்திக் குத்தி எந்த எண்ணில் குழி ஆழமாக இருக்கிறது? ஒரு குழியும் இல்லை என்றால் கொள்ளுத்தாத்தா அதைத் தொடவே இல்லை. விகிதக் கவராயத்தின் காடியில் திருகு அதிகம் நின்ற இடம் மினுமினுப்பாக இருக்கும், அவர் எந்த அளவிலிருந்து எந்த அளவுக்குச் சுருக்கினார் என்பது தெரிந்துவிடும். ரூலிங் பென் அலகு ஒரு பக்கமாகச் சாய்ந்து தேய்ந்திருந்தால் அவர் இடதுகைக்காரரா என்றுகூடச் சொல்லலாம். தேய்த்துப் பளபளப்பாக்கினால் இது எல்லாம் போய்விடும்.

சுத்தம் என்றால் இவ்வளவுதான். மெல்லிய பிரஷ்ஷால் தூசியைத் தட்டுங்கள். எஃகு நுனியில் துரு இருந்தால் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு, மெல்லிய துணி. வெள்ளைத் தகட்டில் தண்ணீரே படக்கூடாது, வளைந்துவிடும். நம் ஊர் ஈரத்துக்கு வெல்வெட்டில் பூசணம் பிடிக்கும். நிழலில் இரண்டு நாள் திறந்து வைத்து, அப்புறம் சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள். கரையான் வரும் பரணில் மட்டும் திரும்ப வைக்காதீர்கள்.

விற்பனை பற்றிச் சுருக்கமாக. முதலில் வெள்ளைத் தகடு தந்தமா எலும்பா செல்லுலாய்டா என்று தெரிய வேண்டும். வெட்டு முனையில் வலை மாதிரி ஒன்றையொன்று வெட்டும் வளைகோடுகள் தெரிந்தால் யானைத் தந்தம். கறுப்புப் புள்ளிகளும் சின்னக் கீறல்களும் என்றால் எலும்பு. விரலால் சூடு வரத் தேய்த்துக் கர்ப்பூர வாடை வந்தால் செல்லுலாய்டு. சூட்டு ஊசியால் குத்திப் பார்க்கச் சொல்லும் புத்திசாலிகளை வீட்டுக்குள் விடாதீர்கள். தந்தம் என்றால் விற்கவே முடியாது. வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தில் அது குற்றம், நூறு வருஷப் பழசு என்பது சாக்கு ஆகாது. வைத்திருப்பது பற்றியும் மாவட்ட வன அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். அது போக, நூறு வருஷத்துக்கு மேற்பட்ட கருவி தொல்பொருள் சட்டத்துக்குள் வரலாம், வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. மிச்சமிருக்கும் பித்தளைப் பெட்டிகளுக்கு, நிஜமாகவே, பெரிய விலை கிடையாது. இந்த மாதிரிப் பெட்டிகள் ஆயிரக்கணக்கில் வந்திறங்கியவை. எல்லாக் குழியிலும் அதற்குரிய கருவி இருந்தால் கொஞ்சம் கூடும், ஒன்று குறைந்தால் நிறையக் குறையும். என்னைக் கேட்டால் விற்கவேண்டாம். சங்கிலியை வேண்டுமானால் உங்கள் ஊர்ப் பள்ளிக்குக் கொடுங்கள், பிள்ளைகள் மைதானத்தில் இழுத்துப் பார்க்கட்டும்.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். வெல்வெட் பதித்த அந்தத் தட்டைத் தூக்கிப் பார்த்தீர்களா? இரண்டு ஓரத்திலும் சின்ன நாடா அல்லது விரல் நுழையும் பள்ளம் இருக்கும். கீழே பெரும்பாலும் இன்னொரு அடுக்கு உண்டு. மாற்று ஊசி, திருகுச் சாவி, மைக்கட்டி, வண்ணம் குழைக்கும் பீங்கான் தட்டு எல்லாம் அங்கேதான் கிடக்கும். நான் வாங்கிய ஒரு பெட்டியின் அடியில் நாலாக மடித்த டிரேசிங் துணித்துண்டு இருந்தது, பெயரில்லாத ஒரு மதகின் குறுக்குவெட்டு, தண்ணீருக்கு நீலம், புதுக்கட்டுக்குச் சிவப்பு. மெதுவாகத் தூக்குங்கள், துணி இருந்தால் விரிக்காமல் அப்படியே ஒரு படம் எடுத்து அனுப்புங்கள், எப்படிப் பிரிப்பது என்று சொல்கிறேன்.